உள்ளே நான், வெளியே நாங்க

முதல் இரண்டு வாரங்கள் எனக்கு அவருடைய கண்கள் மட்டும்தான் தெரியும். மூக்கும் வாயும் மறையும்படி வெள்ளைத் துணியொன்றைச் சுற்றிக் கட்டியிருப்பார். தலையை இன்னொரு துணி மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே, தூசி படிந்த இமைகளோடு, அந்தக் கண்கள் மிக மெதுவாக நகரும். சல்லடை அறையில் எந்நேரமும் தேயிலைத் தூசி மிதந்துகொண்டிருக்கும். காலை வெயில் மேல் ஜன்னல்கள் வழியே இறங்கும்போது அந்தத் தூசி பொன்னிறமாகிவிடும். இயந்திரங்கள் ஒரே சுருதியில் ஆட, அந்த மஞ்சள் மூட்டத்துக்குள் பதினொரு பெண்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்களைப் போல நடமாடுவார்கள். இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் அந்த வெளிச்சம்தான் வருகிறது. முகம் பிறகுதான் வரும்.

புளத்கொகுபிட்டிய டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏற வேண்டும் அந்தத் தோட்டத்துக்கு. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். வாப்பாவின் துணிக்கடையில் பல வருடம் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான், நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு டிப்ளோமா முடித்து, அந்த ஸ்டோரில் தரம் பார்க்கும் அதிகாரியாகச் சேர்ந்தேன். ஒவ்வொரு தொகுதித் தேயிலையும் மூட்டை கட்டப்படும் முன் மாதிரி எடுத்துப் பார்த்துப் படிவத்தில் கையெழுத்திடுவது என் வேலை. அவர் சல்லடை அறைக்குத் தலைமை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெயரை எழுதப் போவதில்லை. தமிழ்ப் பெண்கள் அக்கா என்றார்கள், சிங்களப் பெண்கள் அக்கே என்றார்கள். அதிகாரியாகப் போன எனக்கும் சில மாதத்தில் அவர் அக்காவாகிவிட்டார்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடந்தது. பெரிய இலைத் தேயிலை விழ வேண்டிய தொட்டியில் பொடி கலந்துவிட்டது. அதை மறுபடி சலிக்க அரை நாள் போகும். புது அதிகாரிக்குரிய விறைப்போடு நான் உள்ளே போய், யார் செய்தது என்று கேட்டேன்.

"நாங்கதாங்க மிஸ்" என்றார்.

"நாங்கன்னா யாரு?"

"இந்த ரூம்ல இருக்கிற நாங்க."

குரலில் பணிவுக்குக் குறைவில்லை. எதிர்ப்பும் இல்லை. நான் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். சோமா என்ற சிங்களப் பெண் மட்டும் "அபி மிஸ்" என்றாள். அவளுடைய மொழியில் அதுவும் நாங்கதான். கோபத்தோடு டீமேக்கரிடம் போனேன். ஸ்டோரின் பெரிய அதிகாரி அவர். சிங்களவர், தோட்டத்தில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் தேநீரை ருசி பார்த்துத் துப்பிவிட்டுச் சிரித்தார். பன்னிரண்டு வருடமாகத் தானும் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், அந்த அறையிலிருந்து ஒரு பெயர்கூட வெளியே வந்ததில்லை என்றும் சொன்னார். நான் என் குறிப்பேட்டில், இந்தப் பிரிவில் பொறுப்பேற்கும் மனப்பான்மை இல்லை என்று எழுதிவைத்தேன்.

எவ்வளவு பெரிய பிழையை எழுதியிருக்கிறேன் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு இயந்திரங்கள் நின்றன. தேநீர்க் கேத்தல் வந்தது. பால் இல்லாத தேநீர், கடித்துக்கொள்ள கித்துள் கருப்பட்டி. யாரும் கோப்பையை எடுக்கவில்லை. அவர் துணியை முகத்திலிருந்து இறக்கிவிட்டு, சாதாரணமாக, "இன்னைக்கு யாரு?" என்றார்.

பிறகு பரமேஸ்வரி, எல்லாருக்கும் பரமு, "நான்க்கா" என்றாள். மூன்றாம் சல்லடையின் வலை தளர்ந்திருந்ததைக் காலையிலேயே பார்த்ததாகவும், நிறுத்தினால் நேரமாகும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏன் நிறுத்தத் தோன்றவில்லை, யாருக்குப் பயந்தாள், வலையை இறுக்கும் சாவி எங்கே இருந்தது என்று அவர் விசாரித்தார். சாவி கீழ் அறையில் பூட்டிக் கிடந்ததாம். இனி அது இங்கேயே ஆணியில் தொங்கட்டும் என்று முடிவானது. அதன் பிறகு அவர் முதல் கோப்பையை நிரப்பி, இருப்பதிலேயே பெரிய கருப்பட்டித் துண்டோடு பரமுவின் கையில் கொடுத்தார்.

அதுதான் அந்த அறையின் வழக்கம். ஒத்துக்கொண்டவளுக்கு முதல் கோப்பை. ஒத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளில் அவரே ஏதாவது சொல்லி எடுத்துக்கொள்வார். நேற்று சோமாவிடம் வெடுக்கென்று பேசியது நான், காலையில் வந்த புது வலையை எண்ணாமல் வாங்கியது நான், இப்படி. அந்தச் சுவர்களுக்குள் யாரும் நாங்க என்று சொல்லக் கூடாது. நான் என்றுதான் சொல்ல வேண்டும். கதவைத் தாண்டினால் யாரும் நான் என்று சொல்லக் கூடாது.

அன்று என் குறிப்பேட்டில் எழுதிய வரியை அடித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அவர் இனிமையான மனுஷி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாக்கு கூர்மை. வேலை நேரத்தில் யாராவது விசில் அடித்தால் பிடிக்காது. வராதவளைப் பற்றி அறையில் பேச்சு எழுந்தால், "அவ வந்தப்புறம் அவ மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்று வெட்டிவிடுவார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டையில் சாய்ந்து கண்களைத் திறந்தபடியே பத்து நிமிடம் தூங்குவார். அப்போது பக்கத்தில் போனால் பயமாக இருக்கும். யாராவது லீவில் நின்றால், தேயிலையில் கலந்த குச்சி பொறுக்கும் மேசையில் அவளுடைய இடத்தில் மற்றவர்கள் பரவி உட்கார விடமாட்டார். அந்த இடம் காலியாகவே கிடக்கும். அவள் பங்கு வேலையை மற்றவர்கள் பக்கத்திலிருந்து கைநீட்டித்தான் செய்ய வேண்டும். வசதியில்லாத ஏற்பாடு. ஏன் என்று கேட்டதற்கு, திரும்பி வருகிறவளுக்குத் தன் இடம் தெரிய வேண்டாமா என்று என்னையே கேட்டார்.

சோமா தன் கதையைச் சொன்னது ஒரு மழை நாளில், லொறி வராமல் வேலை நின்றிருந்தபோது. கீழே உள்ள கிராமத்திலிருந்து வந்தவள். முதல் மாதம் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. தமிழ்ப் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பாளாம். ஒரு நாள் தொட்டி முழுவதையும் ஈரத் தரையில் கவிழ்த்துவிட்டாள். டீமேக்கர் வந்து கத்தினார். வேலை போய்விட்டது என்று பையை எடுத்துக்கொண்டு நின்றபோது, அக்கா முன்னால் வந்து ஒரு சொல் சொன்னார். டீமேக்கர் போய்விட்டார்.

"நாங்க, நாங்க. அதுதான் நான் கத்துக்கிட்ட முதல் தமிழ் மிஸ். அர்த்தம் கேட்டு அழுதது" என்றாள் சோமா.

டவுனில் தையல் தொழிற்சாலை திறந்து வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்பியபோதும் அவள் போகவில்லை. அந்த அறையிலிருந்து யாருமே போகவில்லை. மற்றப் பிரிவுகளில் மாதத்துக்கு ஒருவர் வேலையை விட்டு நின்றுகொண்டிருந்த காலம் அது.

எனக்கு அதில் ஒரு ஏக்கம் இருந்தது. தமிழில் நாங்க என்றால் கேட்பவருக்கு அதில் இடமில்லை. அவர் எவ்வளவு அன்பாக அதைச் சொன்னாலும் நான் கோட்டுக்கு வெளியேதான் நின்றேன். சோமாவின் அபிக்கு அந்தப் பேதம் கிடையாது. அவள் சொல்லும்போது, தெரியாமலே என்னையும் சேர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு என்றே நம்பியிருந்தேன். நான் பக்கத்தில் போனால் பேசுவதற்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்து வளையல்களை ஒருமுறை தடவுவார். பிறகுதான் "வாங்க மிஸ்" என்பார். மற்றவர்களையும் தோளில் தொட்டே கூப்பிடுவார். மூட்டை கட்டும் முன் ஒரு பிடி தேயிலையை அள்ளி வெள்ளைத் தாளில் விசிறிப் பரப்பி, முகத்தை மிக அருகில் கொண்டுபோய், மோந்து, விரலால் கோடு கிழித்துப் பார்ப்பார். அது அந்த அறையின் கடைசிப் பார்வை. அவர் தலையசைத்தால்தான் மூட்டையின் வாயைக் கட்டுவார்கள். மஞ்சள் தூசிக்குள் அவர் தாளின்மேல் குனிந்திருக்கும் காட்சி தொழுகை போல இருக்கும். எத்தனையோ நாள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். நான் பார்த்தது என்ன என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் கம்பெனி ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. குழு மனப்பான்மையை வளர்ப்பது எப்படி என்று இரண்டு நாள். கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நல்ல மனிதர், நல்ல சிரிப்பு. மண்டபத்தை அலங்கரித்து, பெரிய வெள்ளை அட்டைகளில் வாசகங்கள் எழுதி ஒட்டும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் கயிற்றை வைத்தும் பலூனை வைத்தும் விளையாட்டுகள் நடந்தன. அக்காவும் வந்து, கேட்டதையெல்லாம் செய்தார். ஒரு நல்ல குழுவுக்கு எது முக்கியம் என்று பயிற்சியாளர் கேட்டபோது, கேத்தல் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

இரண்டாம் நாள் அக்கா வரவில்லை. ஒரு தொகுதியை முடித்து அனுப்ப வேண்டியிருந்ததால் மூன்று பேரோடு அறையிலேயே இருந்துவிட்டார். பரமு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக லீவு எடுத்திருந்தாள். சோமா மண்டபத்தில் பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அந்தத் தொகுதியின் படிவம் மேலே என்னிடம் வந்தது. நான் ஸ்டூலில் ஏறி நின்று, ஒன்றாக உயர்வோம் என்ற அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். இறங்கவில்லை. கையில் இருந்த பச்சை மார்க்கராலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவருடைய அறையிலிருந்து வந்தது, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன்.

மாலையில் அவர் படியேறி வந்து, மீந்த அட்டைகளைத் தர முடியுமா என்று கேட்டார். இவ்வளவு வெள்ளையான தாள் கீழே கிடைப்பதில்லையாம். எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தேன். வாசகங்கள் உள்பக்கம் போக, வெறும் முதுகு வெளியே தெரிய, மார்போடு அணைத்துக்கொண்டு படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தடவி இறங்கினார்.

மூன்று வாரத்தில் அந்தத் தொகுதி திரும்பி வந்தது. தேயிலை முழுக்க நீல நைலோன் நூல் துணுக்குகள். கொழுந்து கொண்டுவரும் சாக்குகள் கிழிந்து, அவற்றின் நூல் கலந்திருந்தது. வாங்கியவர்கள் இனி இந்த ஸ்டோரின் தேயிலையே வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

டீமேக்கரை நான் அப்படிப் பார்த்ததில்லை. சல்லடை அறைக்கு வந்து, இந்த முறை தனக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். அக்கா வழக்கம் போல நாங்கதாங்க என்றார். டீமேக்கர், பெயர் வரும்வரை பதினொரு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். கீழ்ப் பிரிவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இயந்திரங்களை ஓட்டினார்கள். படிவத்தில் என் பச்சைக் கையெழுத்து இருப்பதை டீமேக்கர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்று சொல்லிவிடலாம். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வீட்டில் உம்மா, ஏன் சாப்பிடவில்லை என்று இரண்டு முறை கேட்டார்.

ஐந்தாம் நாள் டீமேக்கர் என்னை ஒரு கடிதத்தோடு அனுப்பினார். பதினொரு பேரும் கையெழுத்திட வேண்டிய எச்சரிக்கைக் கடிதம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர்கள் இல்லை. எல்லாரும் சோமா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தோட்ட எல்லையைக் கடந்து, ஓடையோரமாக, கித்துள் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடுபனி முற்றம்வரை இறங்கி நின்றது. பதினொரு பேரும் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். தூசி இல்லாத இடத்தில், துணி கட்டாத முகங்களோடு அவர்களை ஒன்றாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாரோ தெரியாதவர்கள் போல இருந்தார்கள்.

அவர் நாற்காலியில் இருந்தார். நான் வேலியோரம் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"மூணு வாட்டி கேட்டுட்டேன்" என்றார். "திட்டவா போறேன்? இந்த ரூம்ல யாரும் இப்பிடி வாயை மூடிக்கிட்டு இருந்ததில்ல. என்கிட்ட சொல்றதுக்குப் பயப்படுற அளவுக்கு நான் என்ன செஞ்சுட்டேன்?"

யாரும் நிமிரவில்லை. பரமு முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நீங்கதாங்க்கா" என்றாள் கடைசியில்.

"என்னா?"

"அன்னைக்குக் கடைசியாப் பாத்தது நீங்கதான். உங்களுக்குக் கண்ணு தெரியலக்கா. எங்க எல்லாருக்கும் தெரியும்."

பிறகு பரமு நிறுத்தாமல் சொன்னாள். போன பெரிய மழைக்கு முன்பிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்ததும் பரமுவோ சோமாவோ அதே மூட்டையிலிருந்து மறுபடி ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்கள். நூலோ குச்சியோ இருந்தால் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். எட்டு மாதம் ஒன்றும் தப்பவில்லை. இருவரும் இல்லாத அந்த ஒரு நாள் தப்பிவிட்டது.

என் கையில் இருந்த கடிதம் மூடுபனியில் நனைந்துகொண்டிருந்தது. வளையல்களைத் தடவிய அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. நான் பிரியம் என்று வைத்துக்கொண்டது அவர் என்னை அடையாளம் காணத் தடவிய தடவல். நான் தொழுகை என்று பார்த்தது பார்வை போனவரின் சிரமம். இத்தனை நாள் மாதிரியைப் பார்க்க வேண்டிய நான் அவரை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அவர் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எட்டு மாசமா என் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்தீங்க. எல்லாருக்கும் முதல் கோப்பையைக் குடுத்தேன். எனக்கு ஒரு வார்த்தை குடுக்கலியே."

சோமா அழுதுகொண்டே சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுவிடுவார் என்று பயந்தோம் என்பது அதன் சாரம். அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"இருங்க. எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். மொதல்ல தூசின்னு நெனச்சேன். கழுவிக் கழுவிப் பாத்தேன். நல்லாத் தெரியட்டும்னு மிஸ்கிட்ட வெள்ளை அட்டை கேட்டு வாங்கினப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு. உங்ககிட்ட சொல்லல. நான்தான் சொல்லல."

சோமாவின் வீட்டு அடுப்பில் கேத்தல் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னார். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து, சூடு விரலைத் தொடும்வரை தானே ஊற்றினார். கருப்பட்டித் தட்டைத் தடவிப் பெரிய துண்டாக எடுத்தார். பரமுவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் வேலியைத் தாண்டி முற்றத்துக்குள் போனேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன், நான், என்று சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு சூடான கோப்பை என் கைக்கு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அவர், "நாளைக்குக் காலையில நம்ம எல்லாரும் ஒபிசுக்குப் போவோம்" என்றார். நம்ம என்றார்.

மறுநாள் பன்னிரண்டு பேரும் டீமேக்கரின் அறையில் நெருக்கிக்கொண்டு நின்றோம். அக்கா நாங்க என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். டீமேக்கரும் அதற்கே தயாராகப் பேனாவை மூடிவைத்திருந்தார்.

"நான்தாங்க ஐயா" என்றார் அவர். "கண்ணு மங்கிப்போச்சு. மறைச்சுட்டேன்."

டீமேக்கர் பேனாவைத் திறக்கவில்லை. பரமு, நான் அக்காவிடம் சொல்லாமல் விட்டேன் என்றாள். சோமா அதையே சிங்களத்தில் சொன்னாள். நான் படிவத்தை எடுத்து என் பச்சைக் கையெழுத்தைக் காட்டினேன். டீமேக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொழுந்து லொறி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிழிந்த சாக்குகள் மலை போலக் கிடந்தன. புதுச் சாக்கு வேண்டும் என்று அவருக்கு எத்தனை முறை சொல்லப்பட்டிருந்தது என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, போய் இயந்திரத்தைப் போடுங்கள் என்றார். பத்து நாளில் புதுச் சாக்குகள் வந்து இறங்கின.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிடைக்க இருந்த பதவி உயர்வு இல்லாமல் போனது. அக்காவைத் தலைமையிலிருந்து எடுத்து, பரமுவைப் போட்டார்கள். அதை அவரேதான் கேட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. திரும்பி வந்த தேயிலை முழுவதையும் பதினொரு பேரும் நானும் கையால் தேடி நூல் எடுத்தோம். ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் என் வாழ்க்கையின் மிக அமைதியான மாதங்களில் ஒன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், தூசி மேலே மிதக்க, நேரம் போவதே தெரியாது.

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு டீமேக்கர் தன் வாகனத்திலேயே அக்காவை அனுப்பிவைத்தார். முதலில் ஒரு கண், நான்கு மாதம் கழித்து மற்றது. அவர் இல்லாத வாரங்களில் மேசையில் அவர் இடம் காலியாகக் கிடந்தது. திரும்பி வந்த காலையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பரமுவுக்கு இவ்வளவு நரைத்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். என்னைக் கண்டதும், உங்களை இன்னும் உயரம் என்று நினைத்திருந்தேன் மிஸ் என்றார்.

குச்சி பொறுக்கும் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசிப் பார்வையை இனி இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பரமு சொன்னபோது, அந்த இருவரில் ஒருவராக இருக்க ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். திங்கட்கிழமை தோறும் வேலை தொடங்கும் முன் தன் கண்ணை எல்லார் முன்னாலும் சோதிக்க வேண்டும். சோமா ஒரு வெள்ளைத் தாளில் ஒரு பிடி தேயிலையைப் பரப்பி, அதில் நீல நூலைப் போட்டுக் கையெட்டும் தூரத்தில் பிடிப்பாள். அவர் எத்தனை துணுக்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு என்பார், ஐந்து என்பார். தவறியதே இல்லை. அது கொஞ்ச நாளில் ஒரு விளையாட்டாகிவிட்டது. மற்றப் பிரிவுகளிலிருந்தும் வாசலில் வந்து நின்று பார்ப்பார்கள்.

நான் அந்த ஸ்டோரில் இருந்த கடைசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வெயில் அப்போதுதான் மேல் ஜன்னலுக்கு வந்திருந்தது. சோமா தாளை நீட்டினாள். அவர் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வாசலில் நின்றவர்களின் பேச்சு நின்றது. பரமு சோமாவைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தோம். அவருடைய கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நூல் இருக்கிறதாத் தெரியல சோமா. எனக்குத் தெரியல."

சோமா தாளைத் தன் பக்கம் திருப்பி, தேயிலையை விரலால் மெல்ல ஒதுக்கி, எல்லாருக்கும் காட்டினாள்.

"நூல் போடல அக்கே" என்றாள்.

முதலில் சிரித்தது அவர்தான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, துணி நழுவித் தோளில் விழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தாளில் இருந்த தூசியெல்லாம் எழும்பிப் பறந்தது. பரமு சுவர் பக்கம் போய்ச் சுவிட்சைப் போட்டாள். சல்லடைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின.